மலை வீடும் மின்சாதனங்களும்: நியூட்ரல், இடி, எர்த்

காற்று பலமாக அடித்த இரவுக்கு மறுநாள், ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரே தெருவில் நாலைந்து டிவி, இரண்டு செட்டாப் பாக்ஸ், ஒரு பிரிட்ஜ் என்று மொத்தமாகப் போயிருக்கும். "இடி விழுந்திருச்சு" என்பார்கள். பல சமயம் அன்றிரவு இடியே இடித்திருக்காது. மரக்கிளை முறிந்து லைன் மேல் விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்திருக்கும்.

இந்த இரண்டும் வேறு வேறு கேடு. இடியால் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட், ஆனால் மைக்ரோ செகண்ட் கணக்கில் வந்து போய்விடும். நியூட்ரல் அறுந்தால் வருவது 300, 400 வோல்ட்தான். ஆனால் யாராவது மெயினை அணைக்கும் வரை அது நிற்கும், சில நேரம் மணிக்கணக்கில். முதலாவதைத் தடுக்கும் கருவி இரண்டாவது வந்தால் தானே எரிந்துபோகும். இரண்டாவதைத் தடுக்கும் கருவிக்கு முதலாவதைப் பிடிக்கும் வேகம் கிடையாது. கடையில் இரண்டுக்கும் 'சர்ஜ் ப்ரொடெக்டர்' என்ற ஒரே பெயரைச் சொல்லி விற்கிறார்கள். நல்ல காசு கொடுத்து வாங்கிய வீட்டிலும் சாமான் எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். மலையில் முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரல்.

நியூட்ரல் அறுந்தால்

டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ் (கரண்ட் வரும் கம்பி), ஒரு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) வருகின்றன. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். உங்கள் வீடு ஒரு பேஸில், பக்கத்து வீடு இன்னொரு பேஸில் இருக்கலாம். இரண்டு வீட்டுக்கும் நியூட்ரல் ஒன்றுதான். அது டிரான்ஸ்பார்மரோடு உறுதியாகச் சேர்ந்திருக்கும் வரை ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் 230 கிடைக்கும். வழியில் எங்காவது அறுந்தால், அதற்கு அப்பால் உள்ள வீடுகள் எல்லாம் நியூட்ரல் வழியாக ஒன்றோடொன்று தொடராக இணைந்து, இரண்டு பேஸுக்கு நடுவே மாட்டிக்கொள்கின்றன. 400 வோல்ட்டை அந்த வீடுகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். லோடு அதிகமுள்ள வீட்டுக்குக் குறைந்த வோல்டேஜ், லோடு குறைந்த வீட்டுக்கு அதிக வோல்டேஜ்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். காலை ஆறு மணி, ஒரு வீட்டில் 3 கிலோவாட் கீசர் ஓடுகிறது. அதன் மின்தடை ஏறக்குறைய 17.6 ஓம். இன்னொரு பேஸில் உள்ள வீட்டில் டிவியும் இரண்டு எல்இடி பல்பும் சேர்த்து 100 வாட். அதைச் சாதாரணத் தடையாக எடுத்துக்கொண்டால் 529 ஓம். நியூட்ரல் அறுந்த நொடியில் கீசர் வீட்டுக்கு 13 வோல்ட், டிவி வீட்டுக்கு 387 வோல்ட். கீசர் வீட்டுக்காரர் லோ வோல்டேஜ் என்று நினைத்து மெழுகுவத்தி தேடிக்கொண்டிருப்பார். அதே நேரத்தில் டிவி வீட்டில் புகை வரும். குளிரூரில் காலையில் கீசரும் மாலையில் ரூம் ஹீட்டரும் ஓடுவதால் வீட்டுக்கு வீடு லோடு வித்தியாசம் சமவெளியைவிட அதிகம். சேதமும் அதற்கேற்ப அதிகம்.

387 வோல்ட் ஏசி, டிவியின் பவர் சப்ளைக்குள் போய் டிசியாக மாறும்போது 547 வோல்ட் ஆகிறது. அங்கே உள்ள பெரிய கெபாசிட்டர் வழக்கமாக 400 அல்லது 450 வோல்ட் தாங்கக்கூடியது. உச்சி உப்பி, உள்ளே உள்ள திரவத்தைக் கக்கி வெடிக்கும். பவர் சப்ளை வாசலில் எம்ஓவி என்ற நீல நிற வட்டத் துண்டு இருக்கும். வோல்டேஜ் எல்லை மீறினால் மின்னோட்டத்தைத் தன் வழியே திருப்பிக்கொள்வது அதன் வேலை. 14 மில்லிமீட்டர் எம்ஓவி சுமார் நூறு ஜூல் தாங்கும். இடியால் வரும் ஒரு துடிப்புக்கு அது போதும். 387 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் ஓடினாலே நொடிக்கு 387 ஜூல். அரை நொடிகூட நிற்காது. ஸ்பைக் பஸ்டருக்குள் இருப்பதும் இதே எம்ஓவிதான். நியூட்ரல் அறுந்த இரவில் ஸ்பைக் பஸ்டர் கருகி, டிவியும் சேர்ந்து போவது இப்படித்தான்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். சிங்கிள் பேஸ் வீட்டில், உங்கள் சர்வீஸ் ஒயரில் மட்டும் நியூட்ரல் விட்டுப்போனால் ஹை வோல்டேஜ் வராது. எல்லாம் அணைந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் ஆன் செய்து வைத்த சாதனங்கள் வழியாக வீட்டுக்குள் உள்ள நியூட்ரல் ஒயரிலும் 230 வோல்ட் நிற்கும். கரண்ட் இல்லை என்று நினைத்து ஒயரைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. த்ரீ பேஸ் வீட்டில் கதை வேறு. உங்கள் சொந்த மெயின் போர்டில் நியூட்ரல் ஸ்குரூ ஒன்று தளர்ந்தாலே போதும். வெளியே லைன் சரியாக இருந்தும் வீட்டுக்குள் ஒரு பேஸில் 300-க்கு மேல் ஏறும். காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களிடம் பெரும்பாலும் த்ரீ பேஸ்தான் இருக்கும். அவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மலையில் நியூட்ரல் ஏன் இவ்வளவு எளிதாக விடுகிறது? தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே, சில்வர் ஓக், சீகை, கற்பூர மரங்களுக்கு இடையே லைன் நீளமாகப் போகிறது. கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றும் மழையும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோதும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும் மரங்கள் சாய்ந்து மின்சாரம் தடைபட்டது. அத்தகைய நாட்களுக்குப் பிறகு அவசரமாகக் கம்பி இழுத்து இணைக்கும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறிப்போகும் அபாயமும் உண்டு.

இன்னொரு காரணம் சத்தமில்லாமல் நடக்கிறது. சர்வீஸ் ஒயர் அலுமினியம், வீட்டு ஒயரிங் காப்பர். இரண்டையும் நேராக முறுக்கிச் சேர்த்தால், மூடுபனி ஈரத்தில் அந்த இணைப்பு அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி அதை விரித்துச் சுருக்கும். முதலில் சூடாகும், பிறகு கருகும், பிறகு விட்டுவிடும். அலுமினியமும் காப்பரும் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர் உள்ள இணைப்பு முனை) போட்டு கிரிம்ப் செய்ய, அதாவது அழுத்தி நசுக்கி இறுக்க வேண்டும். சீல் வைத்த மீட்டருக்கு முன்னால் உள்ளது இ.பி.காரர்கள் வேலை, நாம் கை வைக்கக் கூடாது. மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் சொல்லலாம். மீட்டருக்குப் பின்னால் உள்ள ஸ்குரூக்களை வருடத்துக்கு ஒரு முறை எலக்ட்ரீஷியனை வைத்து, மெயினை அணைத்துவிட்டு, இறுக்கிக்கொள்ளுங்கள்.

பழைய பங்களாக்களில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு பீங்கான் பியூஸ் கேரியர் இருப்பதைப் பார்க்கலாம். த்ரீ பேஸ் என்றால் இது மிகப் பெரிய ஆபத்து. நியூட்ரல் பியூஸ் மட்டும் எரிந்தால் நாமே நம் வீட்டில் நியூட்ரலை அறுத்தது போலாகும். அங்கே பியூஸ் கம்பிக்குப் பதில் காப்பர் லிங்க் போட வேண்டும், அல்லது மூன்று பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகத் துண்டிக்கும் ஃபோர் போல் மெயினுக்கு மாற வேண்டும்.

அறிகுறி தெரிந்து வைத்திருப்பது நல்லது. சில பல்பு திடீரென்று கண் கூசும்படி எரியும், சிலது மங்கும். மிக்ஸியைப் போட்டால் இன்னொரு அறையில் வெளிச்சம் கூடும். பேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். இதில் எதைப் பார்த்தாலும் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கப் போகாதீர்கள். லோடு குறையக் குறைய மிச்சம் உள்ள சாதனத்துக்கு வோல்டேஜ் ஏறும்.

இதற்கான கருவி

ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ரிலே. மெயின் போர்டில் எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) பக்கத்தில் அதே உலோகப் பட்டையில் மாட்டும் வகை, வோல்டேஜ் எல்லை மீறினால் தானே அணைந்து, சரியானதும் தானே திரும்ப வரும். டிஸ்பிளேயில் வோல்டேஜ் காட்டும் மாடலாக வாங்குங்கள். வீட்டுக்கு என்ன வருகிறது என்று தினமும் கண்ணில் படுவதே பெரிய பயன்.

மேல் எல்லையை 265 முதல் 270 வோல்ட்டில் வைக்கவும். சிலர் ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்து 250 வைக்கிறார்கள். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் உள்ள வீட்டில் பின்னிரவில் லோடு குறையும்போது 245, 250 வருவது சகஜம். தினமும் ராத்திரி ட்ரிப் ஆகும், எரிச்சலில் ரிலேயை பைபாஸ் செய்துவிடுவார்கள். பிறகு இருந்தும் பயனில்லை. கீழ் எல்லை 175 வோல்ட் சுற்றி. எல்லை மீறியதும் எவ்வளவு நேரத்தில் துண்டிக்கும் என்பதை வாங்கும்போதே பாருங்கள். 0.1 நொடி நல்லது. ஒரு நொடிக்கு மேல் எடுக்கும் மலிவான மாடல் வேண்டாம். திரும்ப இணைக்கும் தாமதத்தை 180 நொடியில் வையுங்கள். பிரிட்ஜ் கம்ப்ரசர் நின்ற உடனே உள்ளே கேஸ் அழுத்தம் சமமாக இருக்காது. கரண்ட் போய் உடனே வந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் நின்று சூடாகும். மூன்று நிமிடம் விட்டால் அழுத்தம் இறங்கிவிடும்.

ஆம்பியரைக் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர், 2 கிலோவாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9, இண்டக்‌ஷன் அடுப்பு இன்னொரு 9. மூன்றும் சேர்ந்தாலே 31. மலை வீட்டுக்கு 40 ஆம்பியர் குறைந்தபட்சம், 63 வாங்கினால் உள்ளே இருக்கும் ரிலே காண்டாக்ட் நீண்ட நாள் வரும். த்ரீ பேஸ் இருந்து, மோட்டார் எதுவும் இல்லாமல் எல்லாமே சிங்கிள் பேஸ் லோடாக இருந்தால், த்ரீ பேஸ் ரிலே ஒன்று போடுவதைவிடப் பேஸுக்கு ஒன்றாக மூன்று போடுவது மேல். த்ரீ பேஸ் ரிலே ஒரு பேஸ் போனாலும் வீடு முழுவதையும் இருட்டாக்கும். மலையில் ஒரு பேஸ் மட்டும் போவது அடிக்கடி நடக்கிற சங்கதி.

ஸ்டெபிலைசர் இதற்கு மாற்று அல்ல. அது வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும், எல்லை மீறினால் கட் ஆஃப் செய்யும். ஆனால் தன் பிளக்கில் மாட்டிய ஒரு சாதனத்தைத்தான் காக்கும், 400 வோல்ட் வந்தால் அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே போகலாம். லோ வோல்டேஜ் உள்ள பகுதியில் பிரிட்ஜுக்கு அது தேவை. இப்போதைய எல்இடி டிவி பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே சமாளிப்பவை. அவற்றுக்கு ஸ்டெபிலைசர் வாங்கும் பணத்தை ரிலேயில் போடுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் கரண்ட் இருக்கும்போது லைன் வோல்டேஜை அப்படியே உள்ளே விடும் வகை. எனவே அதையும் ரிலேக்குப் பின்னால்தான் இணைக்க வேண்டும். ரிலே துண்டித்த பிறகும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும் என்பதை ஒயரிங்கில் கை வைக்கிறவர்கள் மறக்கக் கூடாது.

இடிக்கு

ஏப்ரல், மே மாதக் கோடை இடியும், செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை மாலையில் வரும் இடியும்தான் மலையில் அதிகம். நேராக வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை. சில நூறு மீட்டர் தள்ளி மரத்திலோ கம்பத்திலோ விழுந்தாலும் மேலே ஓடும் கம்பியில் சில ஆயிரம் வோல்ட் தூண்டப்பட்டு வீட்டுக்குள் நுழையும். எலக்ட்ரானிக்ஸ் சாமான் தாங்கும் துடிப்பு 1,500 வோல்ட் அளவு, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவை 2,500 வோல்ட் அளவு. அதற்குக் கீழே வைத்திருப்பது எஸ்பிடி என்ற கருவியின் வேலை.

மெயின் போர்டுக்கு டைப் 2 எஸ்பிடி. பெட்டியின் மேல் பார்க்க வேண்டியவை: நாமினல் 20 கிலோ ஆம்பியர், மேக்ஸிமம் 40 கிலோ ஆம்பியர், ப்ரொடெக்‌ஷன் லெவல் 1.5 கிலோவோல்ட் அல்லது குறைவு, தொடர்ந்து தாங்கும் வோல்டேஜ் 320. இந்தக் கடைசி எண் 275 என்றும் விற்கிறார்கள். நம் லைனுக்கு 320 பொருத்தம். மேட்டு முனையில் தனியாக நிற்கும் வீடு, இடிதாங்கி வைத்த கட்டடம் என்றால் டைப் 2 மட்டும் போதாது, டைப் 1+2 சேர்ந்தது வேண்டும்.

'1+1' வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது, ஆனால் இது முக்கியம். இ.பி. நமக்குத் தருவது பேஸும் நியூட்ரலும்தான், எர்த் நம் சொந்தக் குழியிலிருந்து வருகிறது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எம்ஓவி போட்டால், அது வயதாகி லீக் ஆகும்போது கரண்ட் எர்த் ஒயரில் இறங்கும். பாறை நிலத்தில் எர்த் மோசமாக இருந்தால் பியூஸ் போகும் அளவுக்குக் கரண்ட் ஓடாது. பிரிட்ஜ் கதவும் கீசர் உடம்பும் ஷாக் அடிக்கத் தொடங்கும். 1+1 வகையில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எம்ஓவி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கேஸ் ட்யூப் (பெரிய வோல்டேஜ் வந்தால் மட்டும் கரண்டை விடும் வாயுக் குழாய்) இருக்கும். கேஸ் ட்யூப் சாதாரண நேரத்தில் துளியும் லீக் ஆகாது.

போர்டில் வரிசை இப்படி இருக்கட்டும்: மீட்டர், டபுள் போல் மெயின் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), அங்கிருந்து கிளையாக எஸ்பிடி, பிறகு வோல்டேஜ் ரிலே, பிறகு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்தில் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியில் எம்சிபிகள். எஸ்பிடி ஆர்சிசிபிக்குப் பின்னால் போனால் ஒவ்வொரு இடிக்கும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகும், அதன் உள்ளே உள்ள காண்டாக்ட்டும் கெடலாம். ரிலேயின் எலக்ட்ரானிக்ஸைக் காப்பதற்காகவே எஸ்பிடி அதற்கு முன்னால் வருகிறது. இதில் ஒரு நஷ்டம் உண்டு. நியூட்ரல் அறுந்து 387 வோல்ட் வந்தால் ரிலே வீட்டைக் காக்கும், முன்னால் நிற்கும் எஸ்பிடி பலியாகலாம். அதனால் கார்ட்ரிட்ஜ் மட்டும் கழற்றி மாற்றும் மாடலாக வாங்குங்கள். எஸ்பிடிக்கென்று அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவில் தனி பியூஸ் அல்லது எம்சிபி வைக்க வேண்டும். அது ட்ரிப் ஆனால் வீட்டில் கரண்ட் இருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. சின்னக் கண்ணாடியில் பச்சை சிவப்பாக மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பெரிய இடிக்குப் பிறகும் பாருங்கள்.

இப்போது, பெரும்பாலான போர்டில் நடக்கும் தப்பு. எஸ்பிடிக்குப் போகும் ஒயரும், எஸ்பிடியிலிருந்து எர்த் பாருக்கு (எர்த் ஒயர்கள் எல்லாம் சேரும் உலோகத் துண்டு) போகும் ஒயரும் சேர்ந்து 50 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். துடிப்பு அவ்வளவு வேகமாக ஏறுவதால், நேராகப் போகும் வெறும் ஒயரிலேயே ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 1,000 வோல்ட் நிற்கும். அழகாக இருக்க வேண்டும் என்று போர்டின் ஓரம் சுற்றி ஒன்றரை மீட்டர் ஒயர் வளைத்துக் கட்டினால், 1,500 வோல்ட் எஸ்பிடியும் ஒயரில் நிற்கும் 1,500 வோல்ட்டும் சேர்ந்து டிவிக்கு 3,000 போகும். எஸ்பிடி வேலை செய்திருக்கும், டிவி எரிந்திருக்கும். ஒயர் குட்டையாக, நேராக, குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் காப்பராக இருக்கட்டும். டைப் 1 என்றால் 16.

போர்டிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் டிவிக்கு அந்த இடத்திலேயே இன்னொரு காவல் வேண்டும். ஸ்பைக் பஸ்டருக்கு வேலை இருப்பது இங்கேதான். பெட்டியில் ஜூல் அளவு அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் சுவிட்சும் பியூஸும் மட்டுமே இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பல 'ஸ்பைக்' என்ற பெயரோடு விற்கின்றன. எர்த் பின் இல்லாத பிளக்கில் மாட்டினால் எதுவும் பாதி வேலைதான் செய்யும்.

பாறை நிலத்தில் எர்த்

வழக்கமான முறை: 40 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், இரண்டரை மீட்டர் நீளம், சுற்றிக் கரியும் உப்பும். சமவெளிக்கு எழுதிய வழக்கம் இது. நம் மலையில் செம்மண் சில அடிதான், அதற்குக் கீழே பாறை. குழி தோண்டுகிறவர் மூன்றடியில் பாறை தட்டியதும் பைப்பை அறுத்து ஒரு மீட்டர் மட்டும் புதைத்து மூடிவிடுவார். மேலே பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

மண்ணின் தடைத்திறன் 200 ஓம் மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், முழு இரண்டரை மீட்டர் பைப் சுமார் 70 ஓம் தரும். ஒரு மீட்டரில் அறுத்த பைப் 147 ஓம். அதே மண்ணில் 15 மீட்டர் நீள ஜிஐ பட்டையைப் படுக்கை வசமாகப் புதைத்தால் 22 ஓம். பாறை நிலத்துக்கு வழி ஆழத்தில் இல்லை, நீளத்தில்தான் இருக்கிறது. எர்த்திங்குக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 3043-ம் பட்டை முறையை அனுமதிக்கிறது: ஜிஐ என்றால் 25-க்கு 4 மில்லிமீட்டர், நீளம் 15 மீட்டருக்குக் குறையாமல், ஆழம் அரை மீட்டருக்குக் குறையாமல். முக்கால் மீட்டர் தோண்ட முடிந்தால் இன்னும் நல்லது, கோடையில் மேல்மண் காய்ந்தாலும் கீழே ஈரம் இருக்கும்.

பட்டையைச் சரிவில் மேலிருந்து கீழாகப் போடாதீர்கள், மழைநீர் அந்தக் குழியைப் பிடித்துக்கொண்டு மண்ணை அரித்துவிடும். மலைக்காட்டில் படி படியாக வெட்டியிருக்கும் தளத்தில், அதன் நீளவாக்கில் போடுங்கள். வீட்டுக்குக் கீழ்த் தளம் இருந்தால் அதுதான் நல்ல இடம். சமையலறைத் தண்ணீர் இறங்கும் பக்கம் வருடம் முழுவதும் ஈரம் இருக்கும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இடம் குறைவு என்றால் இரண்டு பைப் போட்டு இணைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஐந்து மீட்டர் வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒன்று போட்ட பயன்தான்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மழையும் சரிவும் ஒரு பருவத்திலேயே உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். அது இருக்கும் வரை ஜிஐ பூச்சை அரிக்கும். பெண்டோனைட் என்ற களிமண் கலந்த பின்நிரப்புப் பொடி ஈரத்தைப் பிடித்து வைக்கும், பைப்பையும் அரிக்காது. செலவு கூடுதல்தான், மலையில் அது நியாயமான செலவு. எர்த் அளப்பதை மழைக்காலத்தில் செய்தால் பொய்யான திருப்தி கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில், மண் காய்ந்திருக்கும்போது, எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். பத்து ஓமுக்குக் கீழ் வந்தால் நல்லது, ஐந்து என்றால் மிக நல்லது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் ஷாக் பாதுகாப்புக்கு நூறு ஓம்கூடப் போதும். இடிக்குப் போதாது.

ஓம் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: வீட்டில் உள்ள எல்லா எர்த்தும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். 'கம்ப்யூட்டருக்குத் தனி எர்த்', 'டிஷ்ஷுக்குத் தனி எர்த்', 'சோலார் பேனலுக்குத் தனி எர்த்' என்று இணைக்காமல் மூன்று குழி வைப்பது பெரிய தப்பு. 20 ஓம் உள்ள ஒரு குழியில் 1,000 ஆம்பியர் இடி மின்னோட்டம் இறங்கினால் அந்தக் குழியின் வோல்டேஜ் 20,000. பக்கத்துக் குழி பூஜ்யத்தில் நிற்கும். இரண்டிலும் ஒரு காலை வைத்திருக்கும் சாதனம், உதாரணமாக பவர் ஒயர் ஒரு எர்த்திலும் டிஷ் கேபிள் இன்னொரு எர்த்திலும் உள்ள செட்டாப் பாக்ஸ், நடுவில் சிக்கி எரியும். எத்தனை குழி வேண்டுமானாலும் இருக்கட்டும், தடித்த காப்பர் ஒயரால் ஒரே பாரில் சேர்த்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து ஏறினால் சாதனத்துக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு ஒரே விலக்கு சோலார் வேலி. காட்டெருமை, காட்டுப்பன்றிக்காகத் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட வேலியின் எனர்ஜைசர் (வேலிக் கம்பிக்கு மின் துடிப்பு அனுப்பும் பெட்டி) எர்த், வீட்டு எர்த்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளித் தனியாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலியின் துடிப்பு வீட்டு எர்த்துக்குள் வரும். எனர்ஜைசரை வீட்டு பிளக்கிலிருந்து சார்ஜ் செய்கிறவர்கள் இடி மேகம் கூடும்போது அதைக் கழற்றிவிடுங்கள்.

பவர் ஒயர் வழியாக வராதது

பிளக்கைப் பிடுங்கி வைத்தும் டிவி போனது என்று சொல்லும் வீடுகளில் டிஷ் கேபிள் மாட்டியே இருந்திருக்கும். கூரை மேல் உள்ள டிஷ், கேபிள்காரர் கம்பத்துக்குக் கம்பம் இழுத்த கோஆக்ஸியல், வாசல் கேமராவுக்குப் போன லேன் கேபிள் எல்லாமே இடிக்கு வழி. செட்டாப் பாக்ஸ் முதலில் போகும், பிறகு எச்டிஎம்ஐ வழியாக டிவியின் மதர்போர்டு. பவர் சப்ளையைவிட மதர்போர்டு மாற்றும் செலவு பல மடங்கு. டிஷ் தாங்கும் இரும்பை எர்த் பாரோடு இணைத்து, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேஸ் ட்யூப் உள்ள கோஆக்ஸியல் ப்ரொடெக்டர் வையுங்கள். கேமராவுக்கு இரண்டு முனையிலும் பிஓஇ (லேன் கேபிளிலேயே கரண்டும் போகும் முறை) சர்ஜ் ப்ரொடெக்டர். தோட்டத்துக் கேட் போல் தூரம் அதிகமென்றால் லேன் கேபிளைவிட்டு ஃபைபரும் மீடியா கன்வெர்ட்டரும் போட்டுவிடுவது நிரந்தரத் தீர்வு.

ஃபைபர் இன்டர்நெட் வாங்கியவர்களுக்குக் கண்ணாடி இழையில் கரண்ட் வராது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் கேபிளோடு ஒரு ஸ்டீல் கம்பி ஒட்டியே வரும். அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள், மோடம் வரை உள்ளே கொண்டுவர வேண்டாம்.

இடி கேட்கும்போது

சுவிட்சை அணைப்பது பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமமில்லை. சுவிட்ச் பேஸை மட்டும் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். உள்ளே இருக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியை ஆயிரக்கணக்கான வோல்ட் தாண்டிவிடும். பிளக், டிஷ் கேபிள், லேன் மூன்றையும் கழற்றி ஒரு அடியாவது தள்ளி வைக்க வேண்டும்.

மின்னலைப் பார்த்து இடிச் சத்தம் வரும் வரை எண்ணினால், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். மலையில் சிக்கல் என்னவென்றால், மூடுபனி இறங்கிய மாலையில் மின்னல் கண்ணுக்கே தெரியாது. சத்தம் மட்டும்தான். எனவே முதல் சத்தம் காதில் விழுந்தவுடனே கழற்றுங்கள், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமான ஐஐடிஎம்-இன் தாமினி செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதை போனில் காட்டும். தலைக்கு மேல் இடித்துக்கொண்டிருந்தால் பிளக்கைத் தொடவே கூடாது, தாமதமாகிவிட்டது, விட்டுவிடுங்கள். கடைசிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்து மாட்டலாம்.

எரிந்த பிறகு

டிவியை உடனே கழிவில் போட வேண்டாம். நல்ல மெக்கானிக் முதலில் பவர் போர்டைப் பார்ப்பார். பியூஸ் கண்ணாடி கறுத்துச் சிதறியிருந்து, பக்கத்தில் எம்ஓவி வெடித்திருந்தால், பல சமயம் எம்ஓவி தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். பியூஸும் எம்ஓவியும் மாற்றினாலே ஓடும், மிகச் சொற்பச் செலவு. கெபாசிட்டர் உப்பியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அதில் கரண்ட் இல்லாதபோதும் சார்ஜ் நிற்கும் என்பதால் வீட்டில் திறந்து பார்க்காதீர்கள்.

மாற்றும்போது எம்ஓவியின் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். 14டி471 என்றால் 14 மில்லிமீட்டர் விட்டம், 300 வோல்ட் ஏசி வரை தொடர்ந்து தாங்கும். 14டி431 என்றால் 275 வோல்ட். 471 இருந்த இடத்தில் 431 போட்டால் நம் லைனின் ஏற்றத்தில் சீக்கிரம் வயதாகி மறுபடி வெடிக்கும். எம்ஓவி கிடைக்கவில்லை என்று அதை வெட்டிவிட்டு பியூஸை மட்டும் மாற்றித் தரும் கடைகள் உண்டு. டிவி ஓடும், அடுத்த இடிக்கு மதர்போர்டு வரை போகும். பழைய போர்டைக் கையில் வாங்கி, அந்த நீல வட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.